கிட்டங்கிச் சாமியின் கை

உப்பு விளைகிற ஊரில் ஒரு சாமி இருந்தார், இருந்தவர் ஒரு நாள் விடிகாலையில் போனார், போனவர் செருப்பைக் கொண்டுபோனார், செம்பைக் கொண்டுபோனார், கொடியில் காய்ந்துகொண்டிருந்த காவித் துண்டையும் மறக்காமல் கொண்டுபோனார், கையை மட்டும் எங்கள் தலைகளின்மேல் விட்டுவிட்டுப் போனார்.

எந்தக் கை என்றால், ஆசீர்வாதம் பண்ணின வலது கை. கண்ணுக்குத் தெரியாது. அடுத்தவர் தொட்டுப் பார்த்தால் வெறும் தலைதான். உடையவருக்கு மட்டும் உச்சியில் உள்ளங்கையும் நெற்றிப் பக்கம் நாலு விரலும் காதோரம் கட்டைவிரலுமாக, அவர் வைத்தது வைத்தபடி இருந்தது. பல் தேய்க்கும்போது இருந்தது, படுக்கும்போது இருந்தது, பெண்டாட்டியோடு சண்டை போடும்போதும் இருந்தது.

எங்கள் முள்ளிக்கரைக்கு ஒரு பக்கம் கடல், மற்ற மூன்று பக்கமும் அளம். கடல்தண்ணீரைப் பாத்தியில் நிறுத்தி வெயிலுக்குக் கொடுத்தால் வெயில் உப்பாகத் திருப்பித் தரும் இடத்துக்கு அளம் என்று பேர். சாமி ஒரு உப்பு லாரியில் வந்து இறங்கினார் என்று சிலரும், கடலோரமாக நடந்தே வந்தார் என்று சிலரும் சொல்வார்கள். எப்படி வந்தாலும் தங்கினது, ஒரு காலத்தில் உப்பு மூட்டை அடுக்கின, கூரை பாதி போன பழைய கிட்டங்கியில். ஆகவே கிட்டங்கிச் சாமி ஆனார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி சாயங்காலம் ஊரே அளத்து வேலையை முடித்துவிட்டுக் கைகால் கழுவி அங்கே வரிசையில் நிற்கும், அவர் ஒவ்வொரு தலையிலும் மூன்று மூச்சு நேரம் கையை வைத்து, கேட்டதற்கு ஒரே ஒரு வார்த்தை பதில் சொல்லி, திருநீறு போடுவார். அந்த நேரத்தில் தலை குனிந்து கண்ணை மூடியிருக்க வேண்டும் என்பது விதி. சாமி போட்ட விதி இல்லை. அவருக்கு முதல் அடியாராக இருந்த டீக்கடைத் தவசிமுத்து அண்ணாச்சி போட்டது. "கண்ணைத் தொறந்தவனுக்குப் பலன் கெடையாது" என்று வரிசை நெடுகப் போய்ச் சொல்லுவார், திறந்திருப்பது யார் என்று பார்க்க அவர் ஒருவர்தான் கண்ணைத் திறந்திருப்பார், அதுவும் வரிசையின் வால் பக்கம் நின்றுகொண்டு.

சாமி போன அன்று ஊர் தேடியது, அழுதது, திட்டியது. மூன்றாம் நாள் முடி வெட்டுகிற மாசானத்திடம் ஒருவர் மெல்லக் கேட்டார், "ஏம்ப்பா, உனக்கும் தலையில என்னமோ இருக்க மாதிரி இருக்கா?" மாசானம் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குத்தான்னு நெனச்சேன் அண்ணாச்சி" என்றார். அதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது, அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, எல்லாருக்கும் இருந்தது.

முதலில் பயம், பிறகு பெருமை, பிறகு பழக்கம். கை கிடந்த இடத்தில் முடி வளரவில்லை, ஆதலால் ஆம்பிளைகளின் தலையில் ஐந்து விரல் தடம் பள்ளமாக விழுந்தது, மாசானம் அதைச் சுற்றி வரப்பு கட்டுவதுபோல வெட்டப் பழகினார். மழை பெய்தால் தலை முழுக்க நனையும், அந்த ஐந்து விரல் இடம் காய்ந்து நிற்கும். ஹெல்மெட் உட்காரவில்லை என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கினார்கள். பஸ்ஸில் கண்டக்டர் தலையைப் பார்த்தே, "முள்ளிக்கரை எத்தனை?" என்று டிக்கெட் கிழித்தார். பெண்கள் கூந்தலை அள்ளி முடிவதால், அளத்தில் துண்டைச் சுற்றிக்கொள்வதால், மழைக்குச் சாக்கைப் போட்டுக்கொள்வதால், அவர்கள் தலையில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பெரிய லாபம் அவர்களுக்குத்தான். உப்பை ஓலைப்பெட்டியில் அள்ளித் தலையில் தூக்கி அம்பாரமாகக் குவிக்கிறவர்கள் அவர்கள், பெட்டி அழுத்தாமல் இருக்கத் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைப்பார்கள். இப்போது பெட்டிக்கும் மண்டைக்கும் நடுவே சாமியின் கை இருந்தது. சும்மாட்டை எல்லாரும் விட்டுவிட்டார்கள். மூக்கம்மா பெரியம்மையும் இன்னும் நாலு பேரும், லிங்கதுரை பெண்டாட்டி பிரமசக்தியும், ஆக ஆறு பேர் மட்டும் முன்போலவே துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்டால் "பழகிப்போச்சு" என்பார்கள். சிலருக்குப் பழக்கம் விடாது என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம்.

அடியார்கள் என்று இப்போது யாரும் இல்லை. போனவனுக்கு எதற்கு அடியார் என்று காவியை எல்லாம் மடித்து, சிலர் தலையணைக்குள் அடைத்தார்கள், சிலர் அடுப்படியில் கைப்பிடித் துணியாக வைத்துக்கொண்டார்கள். ஆனாலும் சாமியைப் பற்றிப் பேசுவதை விட முடியவில்லை, விடலாம் என்று நினைக்கும்போதே தலையில் அவர் இருந்தார். தவசி அண்ணாச்சி டீக்கடையில் இரண்டு பெஞ்சு. ஒரு பெஞ்சில் சாமி பொய் என்கிறவர்கள், இன்னொன்றில் மெய் என்கிறவர்கள். பொய்க்கட்சிக்குத் தலைவர் தவசி அண்ணாச்சியேதான், முதல் அடியாராக இருந்தவருக்குத்தான் முதல் கோபம். மெய்க்கட்சிக்கு அளத்துக் கங்காணி செந்தூர்பாண்டி.

"என் மக பாஸாவாளான்னு கேட்டேன். 'ஆவா'ன்னான். மூணு பாடத்துல போச்சு," என்பார் தவசி.

"மறுவருசம் பாஸானாளா இல்லையா?"

"மறுவருசம் பாஸாவதுக்குச் சாமி எதுக்குவே? டியூசன் போதாதா?"

"அவரு என்னைக்குன்னு சொன்னாரா? ஆவான்னாரு. ஆயிட்டால்லா."

"மாசானத்துக்கு வயித்துவலி போகும்னான், போச்சு. அது மாசானம் காரத்தைக் குறைச்சதால போச்சு."

"காரத்தைக் குறைக்கணும்னு மாசானத்துக்குத் தோணுனது யாரால?"

இப்படியே போகும். ஒரு நாள் தவசி அண்ணாச்சி வெளியூருக்குப் போய்விட்டு வந்து, பெஞ்சில் உட்காராமலே சொன்னார், பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன் என்று. பேண்ட் சட்டை போட்டிருந்தான், தாடி இல்லை, பரோட்டா தின்றுகொண்டிருந்தான் என்று.

"பரோட்டா தின்னா சாமி இல்லையா?" என்றார் செந்தூர்பாண்டி. ஆனால் குரல் இறங்கியிருந்தது. பிறகு எல்லாரும் கேட்க நினைத்ததை அவரே கேட்டார். "கை இருந்துச்சா?"

"எந்தக் கை?"

"வலது கைவே. நம்ம தலையில இருக்குல்லா. அவருக்கு இருந்துச்சா இல்லையா?"

அப்போதுதான் தவசி அண்ணாச்சி பெஞ்சில் உட்கார்ந்தார். "எடது கையால தின்னான். வலது கை பேண்ட் பைக்குள்ள இருந்துச்சு. கடைசி வரைக்கும் வெளிய எடுக்கலை."

அன்றைக்கு எல்லார் டீயும் ஆறிப்போயிற்று.

நாங்கள் உப்புக்காரர்கள், எதையும் நிறுத்துப் பார்த்தால்தான் நம்புவோம். ஆகவே மூட்டை நிறுக்கிற தராசில் ஆளாளுக்கு ஏறியும் பார்த்தோம். முன்னால் எவ்வளவு இருந்தோம் என்று யாருக்கும் தெரியாததால் தராசு சொன்னதை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. கழுத்து மட்டும் சில நாள் வலிக்கும், சில நாள் வலிக்காது. இதிலிருந்து செந்தூர்பாண்டி ஒரு சாஸ்திரம் கண்டுபிடித்தார். சாமி சொன்ன வார்த்தை பலித்துவிட்டால் கை லேசாகும், பலிக்காமல் பாக்கி இருந்தால் கனக்கும், கனக்கிற வரைக்கும் வார்த்தை உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். மெய்க்கட்சி இதை ஏற்றுக்கொண்டது. பொய்க்கட்சி சிரித்தது. ஆனால் அவர்களும் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று கனமா லேசா என்று பார்த்துக்கொண்டார்கள் என்பது அவர்கள் வீட்டுப் பெண்கள் சொல்லி எங்களுக்குத் தெரியும்.

இதெல்லாம் பேச்சு. பேச்சு என்றால் ஆறும், மறுபடி சூடாகும், யாருக்கும் நஷ்டம் இல்லை. ஒரே ஒருத்திக்குத்தான் இது பேச்சாக இல்லை.

பிரமசக்தி கல்யாணமாகி எட்டு மாசத்தில் அவள் புருஷன் லிங்கதுரை சரக்குத் தோணியில் வேலைக்குப் போனான். வெங்காயமும் கருங்கல்லும் ஏற்றிக்கொண்டு தெற்கே தீவுகளுக்குப் போகிற தோணி. எட்டுப் பேர் போனார்கள். மாசி மாசம் போன தோணி சித்திரையிலும் வரவில்லை, ஆடியிலும் வரவில்லை, ஒரு பலகை, ஒரு கயிறு, ஒரு சட்டை என்று எதுவும் எந்தக் கரையிலும் ஒதுங்கவில்லை. ஒரு வருசம் பார்த்துவிட்டு மற்ற ஏழு ஊர்களிலும் ஏழு வீடுகளில் கடலில் பூவும் பாலும் விட்டுக் காரியம் பண்ணிவிட்டார்கள். எட்டாவது வீட்டில் மட்டும் பண்ணவில்லை, ஏனென்றால் லிங்கதுரையின் அம்மா தங்கபுஷ்பம் மருமகளைக் கூட்டிக்கொண்டுபோய்க் கிட்டங்கிச் சாமி முன்னால் நிறுத்தினாள். சாமி சொன்ன ஒரு வார்த்தை: "வருவான்."

அன்றிலிருந்து மத்தியானம் சோறு வடித்ததும் தங்கபுஷ்பம் முதல் தட்டில் மகனுக்கு எடுத்துவைத்து மூடுவாள். சாயங்காலம் அதையே அவளும் மருமகளும் பங்கிட்டுத் தின்பார்கள். லிங்கதுரையின் அப்பாவுக்குச் சூடான சோறு. ஏழு வருசம். இதில் சாமி போய் மூன்று வருசம்.

அந்த உப்புக்காலத்தில் அளத்து மோட்டார் ஓட்டுவதற்குப் பால்துரை என்று ஒருவர் வந்திருந்தார். வெளியூர்க்காரர், சாமி போனபிறகு வந்தவர், ஊரிலேயே தடம் விழாத ஆம்பிளைத் தலை அவருடையதுதான். பெண்டாட்டி காய்ச்சலில் போய்விட்டாள், பத்து வயசில் ஒரு மகள். அவர் ஒளித்துமறைத்து எதுவும் பண்ணவில்லை. நேரே தங்கபுஷ்பத்தின் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடியே, "அம்மா, மழை விழுந்தா அளத்துல வேலை கெடையாது, நான் வடக்கே போயிருவேன். அதுக்குள்ள உங்க மருமகளுக்குச் சம்மதம்னா, உங்களுக்கும் சம்மதம்னா, சொல்லுங்க. இல்லேன்னாலும் வருத்தம் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் மூடிவைத்த சோற்றை இரண்டு பேரும் தின்னவில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

புரட்டாசி முடிய நாலு நாள் இருந்தது. வடகிழக்கே மேகம் கருத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இரண்டு பெஞ்சுக்காரர்களும் கிட்டங்கியில் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது, பிரமசக்தி அளத்திலிருந்து அப்படியே, தலையில் சுற்றின துண்டோடு, உப்புப் பூத்த காலோடு உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னாலேயே தங்கபுஷ்பம். வேலை செய்த பெண்கள் எல்லாரும் பெட்டியைப் போட்டுவிட்டுப் பின்னால் வந்தார்கள்.

"அண்ணாச்சி, உங்க எல்லார்ட்டயும் ஒண்ணு கேக்கணும்," என்றாள். அவள் சத்தமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை, அப்போதும் சத்தமாகப் பேசவில்லை. "மூணு வருசமாப் பேசுதிய. சாமி நெசமா, பொய்யா? இன்னைக்கு ஒரு முடிவு சொல்லுங்க. நெசம்னா நான் காத்துக் கெடக்கேன். பொய்யின்னா நான் போறேன்."

மூன்று வருசமாக வாய் ஓயாத இரண்டு பெஞ்சும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன.

"பொய்தான் தாயி," என்றார் தவசி அண்ணாச்சி, ஆனால் அவள் முகத்தைப் பார்க்காமல் தூணைப் பார்த்துச் சொன்னார்.

"ஒரு பொம்பளப்பிள்ளை தாலி விசயம்வே, வாய்க்கு வந்தபடி சொல்லாதீரும்," என்றார் செந்தூர்பாண்டி. பிறகு அவளிடம் திரும்பினார். "நாம யாரும் சொல்ல வேண்டாம் தாயி. உன் தலையில இருக்க கையே சொல்லும். கனமா இருந்தா வார்த்தை பாக்கி இருக்கு, அவன் வருவான். லேசாயிருந்தா... லேசாயிருந்தா பாப்போம். சொல்லு. கனமா, லேசா?"

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. அவள் தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தாள். அதற்குள்ளே சும்மாடு இருந்தது. அதையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"இல்லை," என்றாள்.

"எது இல்லை? கனமா இல்லையா?"

"கையே இல்லை. என்னைக்கும் இருந்ததில்லை. அவரு என் தலையில கை வச்சதே இல்லை. திருநீறு மட்டும் மேல இருந்து விழும். எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன். அவரு போனபொறவு நீங்க எல்லாரும் கை இருக்கு இருக்குன்னிய, எனக்கு மட்டும் ஏன் இல்லை, என்ன பாவம் பண்ணுனோமோன்னு, இருக்குன்னு சொல்லிட்டேன்."

"நம்பிக்கை இல்லாம நின்னுருப்ப," என்றார் மெய்க்கட்சியில் ஒருவர். "கண்ணைத் தொறந்துருப்ப," என்றார் தவசி அண்ணாச்சி, தன் கட்சியை மறந்து.

அப்போது பின்னாலிருந்து மூக்கம்மா பெரியம்மை, மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, "எனக்கும் இல்லையே" என்றாள்.

"ஒனக்குமா? மூணு வருசமா ஏன் சொல்லலை?"

"எவன் கேட்டான்? ஆம்பளைய எல்லாம் அவனவன் தலையைத் தடவிக்கிட்டுத் திரிஞ்சிய. எங்க தலையை யாரு பாத்தா?"

"எனக்கும் இல்லை," என்றாள் அவளுக்குப் பக்கத்தில் நின்றவள். பிறகு இன்னொருத்தி. பிறகு சுவரோரம் இருந்த இரண்டு பேர். சும்மாடு வைத்துக்கொண்டிருந்த அதே ஆட்கள். எல்லாருக்கும் திருநீறு மட்டும்தான் விழுந்திருக்கிறது, எல்லாரும் தன்னிடம்தான் குறை என்று நினைத்து வாயைக் கட்டிக்கொண்டு, பழக்கம் என்று சொல்லித் துணியைச் சுருட்டியிருக்கிறார்கள்.

நாங்கள் அந்த ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தோம். மூக்கம்மாவைப் பார்த்தோம், அவளுக்குப் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தோம், வெறும் நெற்றிகளையும் வெறும் கழுத்துகளையும் பார்த்தோம். ஊரில் நல்ல காரியத்துக்குக் கூப்பிடும்போது யாரைக் கூப்பிடாமல் விடுவோமோ அந்த ஐந்து பேர். தாலி அறுத்தவர்களை ஆசீர்வாதத்தில் தொடக்கூடாது என்று எந்த ஊரிலோ கற்றுக்கொண்டு வந்த வழக்கத்தை எங்கள் சாமி எங்கள் மூடின கண்களுக்கு முன்னால் பௌர்ணமி தவறாமல் நடத்தியிருக்கிறார். அந்த ஐந்து பேரோடு ஆறாவதாக, மஞ்சள் மங்காத தாலியோடு, பிரமசக்தி நின்றாள்.

யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால் தங்கபுஷ்பத்தின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. உப்பு அம்பாரம் அடியில் ஈரம் பட்டு உள்ளே இறங்கும்போது அப்படி ஒரு சத்தம் வரும்.

தவசி அண்ணாச்சி குதித்தார். "பாத்தீராவே! அவன் செத்துட்டான்னு தெரிஞ்சுதான் தொடலை! தெரிஞ்சுக்கிட்டே வருவான்னு சொல்லியிருக்கான்! இதைவிடப் பொய் ஒலகத்துல உண்டா?"

"தெரிஞ்சிருக்குல்லா?" என்றார் செந்தூர்பாண்டி. "ஒரு பலகை ஒதுங்கலை, ஒரு தகவல் வரலை, எங்கேயோ நடுக்கடல்ல தோணி முங்குனது இந்த ஓட்டைக் கிட்டங்கிக்குள்ள நின்னவருக்குத் தெரிஞ்சிருக்குல்லா? அவரு போலியாவே?"

"அப்போ பொய் சொன்னான்னு ஒத்துக்கிடுதீரா?"

"அப்போ சக்தி உண்டுன்னு ஒத்துக்கிடுதீரா?"

மூன்று வருசமாகப் பொய் என்றவர், பொய் என்று நிரூபிக்க வேண்டுமென்றால் அவர் ஞானி என்று சொல்ல வேண்டியிருந்தது. மூன்று வருசமாக மெய் என்றவர், ஞானி என்று நிரூபிக்க வேண்டுமென்றால் அவர் பொய்யர் என்று சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு பேரும் ஒருவர் சட்டையை ஒருவர் மாற்றிப் போட்டுக்கொண்டதுபோல நின்றார்கள், இரண்டு சட்டையும் அளவு சேரவில்லை.

"அப்படிச் சொல்லவும் முடியாது," என்றார் மாசானம். "புருசன் ஊர்ல இல்லாத பொம்பளைன்னு மரியாதைக்குத் தொடாம இருந்திருக்கலாம். கனகவல்லி மைனி, உங்க வீட்டு அண்ணன் அப்போ குவைத்துலதான இருந்தாவ? உங்களுக்குக் கை இருக்கா?"

கனகவல்லி தலையைத் தடவினாள். எல்லாரும் அவள் தலையையே பார்த்தோம். "இருக்கு," என்றாள். பிறகு, "இருக்குன்னுதான் நெனைக்கேன்," என்றாள். பிறகு, "இவ்வளவு பேரு பாத்தா எனக்கு என்ன தெரியும்? சில நாள் இல்லாத மாதிரியும் இருக்கு," என்று அழுகிற மாதிரி ஆகிவிட்டாள்.

பிரமசக்தி சும்மாட்டைப் பிரித்தாள், சுருட்டினாள், பிரித்தாள். "மாசா மாசம் கேட்டேன்," என்றாள், யாரிடம் என்றில்லாமல். "மாசா மாசம் வருவான்னாரு. கடைசிப் பௌர்ணமிக்குக் கேட்டப்போ ஒண்ணும் சொல்லலை. ரொம்ப நேரமாச்சேன்னு கண்ணைத் தொறந்துட்டேன். என் தலைக்கு மேல நாலு விரக்கடை ஒசரத்துல கையை வச்சுக்கிட்டு அந்தக் கையையே பாத்துக்கிட்டு நின்னாரு. மறுநா காலையில ஆளைக் காணோம்." அவள் நிமிர்ந்தாள். "வாய் ஒண்ணு சொல்லிச்சு, கை ஒண்ணு சொல்லிச்சு. நான் எதை எடுத்துக்கிடணும்? யாராவது சொல்லுங்களேன்."

எங்களுக்குத் தெரியவில்லை. கூரை போன பக்கமாக வானம் இருண்டுகொண்டு வந்தது, முதல் துளி விழுமோ என்று ஒருவர் மேலே பார்த்தார், உப்புக்காரன் பழக்கம், எல்லாரும் மேலே பார்த்தோம். நாங்கள் மேலே பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் தங்கபுஷ்பம் நடந்து வந்து மருமகளுக்கு முன்னால் நின்றிருக்கிறாள்.

தங்கபுஷ்பத்தின் வலது கையில் சுண்டுவிரல் நேராக இருக்காது. இளவயசில் உப்பு வாருகிற பலகை விழுந்து உடைந்து, கொக்கிபோல வளைந்து சேர்ந்துகொண்டது. அந்தக் கையை அவள் தூக்கினாள். அவளுக்கு எட்டவில்லை, பிரமசக்தி உயரம். "குனிளா," என்றாள். அவள் குனிந்தாள், பழக்கத்தில் கண்ணை மூடப் போனாள். "கண்ணைத் தொறந்துக்கோ," என்றாள் தங்கபுஷ்பம்.

கையை வைத்தாள். மூன்று மூச்சு அல்ல, முப்பது மூச்சு இருக்கும்.

"அவன் வரமாட்டான்ளா," என்றாள். "நீ போ."

பிரமசக்தி அழுதாளா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது, கூந்தல் முகத்தில் விழுந்திருந்தது. மூக்கம்மா பெரியம்மை வந்து அந்தச் சும்மாட்டை அவள் கையிலிருந்து வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்புறம் அதைத் தங்கபுஷ்பத்திடம் கொடுத்தாள். ஏன் கொடுத்தாள் என்றும் தெரியாது. பெண்கள் எல்லாரும் அளத்துக்குத் திரும்பிப் பெட்டியை எடுத்தார்கள், மழைக்கு முன்னால் கிடக்கிற உப்பை அள்ளியாக வேண்டும்.

மறுநாள் காலையில் பிரமசக்தி வெறுந்தலையில் பெட்டியைத் தூக்கினாள். பெட்டி மண்டையில் படவில்லை, நடுவே ஒன்று தாங்கிக்கொண்டு நின்றது. நாலு நடை நடந்தபிறகுதான் அவளுக்கே தெரிந்தது, பாத்திவரப்பில் அப்படியே நின்றுவிட்டாள் என்று சொன்னார்கள். அன்றைக்கெல்லாம் அவள் சிந்தாமல் சுமந்தாள்.

கடலில் பூவும் பாலும் விட்டார்கள். தங்கபுஷ்பம் வரவில்லை, லிங்கதுரையின் அப்பாதான் வந்து பூவை விட்டார். ஏழாம் நாள் ஊர்க் கோவிலில் பால்துரை தாலி கட்டினார், அவர் மகள் மல்லிகைப்பூவை எண்ணி எண்ணிப் பிரமசக்தி தலையில் வைத்தாள். மூக்கம்மா பெரியம்மையும் மற்ற நாலு பேரும் முன்வரிசையில் நின்றார்கள். யார் கூப்பிட்டது என்று யாரும் கேட்கவில்லை. பால்துரை குடும்பம் மினி லாரியில் சாமான் ஏற்றிக் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பிரமசக்தி சாக்குப் போடாமல் லாரியின் பின்னால் நின்றாள். மழை கூந்தலைக் கரைத்துத் தோளில் ஒட்டியது, உச்சியில் மட்டும் சின்னதாக ஒரு கை அளவு காய்ந்து கிடந்தது, நாலு விரல் நேராக, சுண்டுவிரல் கொக்கியாக.

டீக்கடையில் பேச்சு நிற்கவில்லை. இப்போது தவசி அண்ணாச்சி மெய்ப் பெஞ்சிலும் செந்தூர்பாண்டி பொய்ப் பெஞ்சிலும் உட்காருகிறார்கள், சில நாள் மாறியும் உட்காருகிறார்கள், சில நாள் ஒரே பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் டீயைக் குடித்துவிட்டுப் போகிறார்கள். பரிதாபப்பட்டுச் சொன்ன பொய் பொய்யா என்று ஒருவர் கேட்கிறார். ஏழு வருசத்தைத் தின்ற பரிதாபம் என்ன பரிதாபம் என்று இன்னொருவர் கேட்கிறார். பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அந்தப் பேண்ட்காரனின் வலது கையை வெளியே எடுக்கச் சொல்லிப் பார்த்துவிட வேண்டும் என்று வாரம் ஒரு தடவை முடிவாகிறது. யாரும் போகவில்லை.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் பெருமழைக்குத் தங்கபுஷ்பம் பெரியம்மை வீட்டில் ஒதுங்கினேன். சோறு வடித்து முடித்திருந்தாள். முதல் தட்டை எடுத்துச் சோறு போட்டு, குழம்பைத் தனியாகக் கிண்ணத்தில் ஊற்றி, மூடிவைத்தாள்.

"பெரியம்மை, யாருக்கு?"

"யாருக்குன்னா? லிங்கதுரைக்கு."

"வரமாட்டான்னு நீங்கதானே சொன்னிய. தலையில கை வச்சுச் சொன்னியளே."

"சொன்னேன்."

"பொறவு?"

"வருவான்லா," என்றாள், பாத்தியில் தண்ணீர் வரும் என்று சொல்வதுபோல.

அப்படியென்றால் கிட்டங்கியில் நீங்கள் சொன்னது பொய்யா, பொய் சொன்ன கை எப்படி இவ்வளவு பெட்டியைத் தாங்கியது, இல்லை, இப்போது சொல்வதுதான் பொய்யா என்று கேட்க எனக்கு நாக்கு வரை வந்தது. என் தலையில் சாமியின் கை கனத்தது. உடனே லேசானது. மறுபடி கனத்தது.

"தலை பூரா தண்ணி, என்ன பாத்துக்கிட்டு நிக்க?" என்றாள் பெரியம்மை. கொடியிலிருந்து ஒரு பழந்துணியை எடுத்து என் பக்கம் எறிந்தாள். சுருட்டிச் சுருட்டி மடிப்பு விழுந்த துணி, யாருடையது என்று பார்த்ததுமே தெரிந்தது. துவட்டினேன். துவட்டத் தேவையில்லாமல் ஐந்து விரல் இடம் காய்ந்திருந்தது, அதையும் சேர்த்தே துவட்டினேன்.